விடுப்பு எடுத்தாலும் தீராத களைப்பு

கேள்வி:

எனக்கு வயது 36. பொதுத்துறை வங்கி ஒன்றில் 11 ஆண்டுகளாக அதிகாரியாகப் பணியாற்றுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பதவி உயர்வோடு காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூர்க் கிளைக்கு மாற்றப்பட்டேன். கணவர் மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியர். ஏழு வயது மகள் அவரோடும் என் மாமியாரோடும் இருக்கிறாள். காலை ஒன்பது மணிக்குக் கிளைக்குள் நுழைந்தால் வெளியே வர இரவு எட்டரை ஆகிறது. நகைக்கடன், பெட்டகத்தின் இரண்டு சாவிகளில் ஒன்று, வாராக்கடன் பட்டியல் எல்லாம் என் பொறுப்பு. இவற்றைவிட என்னை வாட்டுவது இன்சூரன்ஸ் டார்கெட்தான். தினமும் மாலையில் வாட்ஸ்அப் குழுவில் கிளைகளின் தரவரிசை வரும். எங்கள் கிளை சிவப்பில் இருந்தால் வட்டார அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். எட்டு மாதங்களுக்கு முன், நிலம் விற்ற பணம் இரண்டு லட்சத்தை வைப்புநிதியில் போட வந்த ஒரு மூதாட்டிக்கு, ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வைப்புநிதி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். சந்தை நாளில் கிளைக்கு வந்து, "வட்டி ஏறிடுச்சா தாயி?" என்று கேட்கிறார்.

ஆறு மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதன்பின் உறக்கம் வருவதில்லை. சாவி கைப்பையில் இருக்கிறதா என்று இரவில் நாலைந்து முறை எழுந்து பார்க்கிறேன். ஞாயிறு மாலை பேருந்தில் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறது. மகள் தொலைபேசியில் பேசினாலும் எரிச்சல் வருகிறது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கி மூன்று வாரமாகப் போட்டுக்கொள்கிறேன். சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. நான்கு நாள் விடுப்பு எடுத்து ஊருக்குப் போய் வந்தேன். திரும்பிய அன்றே பழைய நிலை. கணவர், "அரசாங்க உத்தியோகம், ஏசி அறை, கை நிறையச் சம்பளம், உனக்கு என்ன குறை?" என்கிறார். இது என் பலவீனமா, நோயா? வேலையை விட்டுவிடலாமா? மனநல மருத்துவரிடம் போனால் அலுவலகத்துக்குத் தெரிந்து என் பதவி உயர்வு பாதிக்கப்படுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். ஆனால் நான் முதலில் பேச வேண்டியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றைப் பற்றி. தூக்க மாத்திரைக்கும் நான்கு நாள் விடுப்புக்கும் நடுவே, ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோல, காலையில் கண் விழிக்காமல் போனால் நன்றாயிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பலரும் இதை இப்படித்தான், வேறு பேச்சுக்கு இடையில் வைத்துச் சொல்வார்கள். சாக வேண்டும் என்று திட்டமிடுவதும், இந்தப் பாடு எப்படியாவது முடிந்தால் போதும் என்று ஏங்குவதும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆயினும் இரண்டாவது முதலாவதாக மாறுவதற்குப் பல நேரங்களில் ஒரு கெட்ட நாள் போதுமானதாக இருக்கிறது. ஆகவே ஒரு வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை இரவில் மனம் கனத்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இந்தச் சேவை இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். கண் விழிக்காமல் போகலாம் என்ற எண்ணம், எப்படிப் போகலாம் என்ற யோசனையாக என்றைக்கு மாறுகிறதோ அன்றைக்கே, ஒரு வாரம் காத்திருக்காமல், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மாத்திரை அட்டையை வீட்டு உரிமையாளரிடமோ, நம்பிக்கையான தோழி ஒருவரிடமோ கொடுத்து வையுங்கள். கணவரிடம் "களைப்பாக இருக்கிறது" என்று சொல்லாமல், எனக்கு எழுதிய அதே வரியை அதே சொற்களில் சொல்லுங்கள். உங்களுக்கு என்ன குறை என்று அவர் கேட்பது அந்த வரி அவர் காதில் விழாததால்தான் என்று நம்புகிறேன்.

பலவீனமா, நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்து நோயைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியுள்ளவற்றில் ஒரு மனநல மருத்துவர் கவனிக்கும் குறிகள் பல இருக்கின்றன. படுத்தவுடன் உறக்கம் வராமல் புரள்வது பெரும்பாலும் பதற்றத்தின் அடையாளம். நடு இரவு தாண்டி மூன்று மணிக்கு விழித்து, அதன்பின் உறங்க முடியாமல், வரப்போகும் பகலை நினைத்து மனம் கனப்பது மனச்சோர்வு நோயில் அடிக்கடி காணப்படுவது. அதனோடு, முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டமின்மை, பசிக் குறைவு, தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளுதல், கவனம் சிதறுதல் போன்றவற்றில் பல சேர்ந்து, பெரும்பாலான நாள்களில், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வு நோய் என்று கருதுவது மருத்துவ வழக்கம். உங்களுக்கு ஆறு மாதங்கள் ஆகிவிட்டன. மகளின் குரலே எரிச்சலூட்டுகிறது என்று எழுதியிருப்பதைப் பாசக் குறைவு என்று நினைத்துக் குமைய வேண்டாம். அதுவும் இந்த நோயின் வேலையாக இருக்கலாம்.

இப்போது எல்லோரும் பேசும் 'பர்ன்-அவுட்' என்னும் பணிச்சோர்வையும் இதையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் தன் பதினோராவது நோய்ப் பட்டியலில், 2019இல், பணிச்சோர்வைச் சேர்த்தபோது அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. பணியோடு தொடர்புடைய ஒரு நிலை என்றே வகைப்படுத்தியது. நெடுநாள் நீடித்து, சரிவரக் கையாளப்படாத பணி அழுத்தத்தால் மூன்று விளைவுகள் தோன்றும் என்றது: சக்தி வற்றிப்போதல், வேலையின்மீது கசப்போ விலகலோ ஏற்படுதல், தன் திறமை குறைந்துவிட்டது என்ற உணர்வு. இது பணியிடத்தை மட்டுமே குறிக்கும். விடுமுறை நாளில் மகளோடு விளையாடும்போது மனம் மலர்கிறது, திங்கட்கிழமைதான் வாடுகிறது என்றால் அது பணிச்சோர்வு. மதுரையில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் மனம் வாடியே கிடக்கிறது என்றால் அது பணியிடத்தைத் தாண்டிவிட்டது. உங்கள் கடிதம் இரண்டாவதைத்தான் காட்டுகிறது. இதில் பலவீனத்துக்கு எங்கே இடம்? கடுமையான போட்டித் தேர்வில் வென்று, 11 ஆண்டுகள் பணத்தையும் நகையையும் கையாண்டு, ஒரு பதவி உயர்வும் பெற்றவர் நீங்கள்.

மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனை சிலவற்றைக் கேட்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், பி12 உயிர்ச்சத்து குறைந்தாலும் களைப்பும் மனத்தளர்வும் வரும். நம் பெண்களிடம் இம்மூன்றும் அரிதல்ல. மனச்சோர்வு என்று உறுதியானால் பேச்சு வழிச் சிகிச்சையோ, மருந்தோ, இரண்டுமோ தருவார்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பழக்கத்துக்கு அடிமையாக்குபவை அல்ல. ஆனால் அவை தலைவலி மாத்திரைபோல அரை மணியில் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு ஆறு வாரங்கள்கூட ஆகும். முதல் சில நாள்களில் குமட்டலும் படபடப்பும் சற்றுக் கூடலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதியில் நிறுத்த மாட்டீர்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடரச் சொல்வார்கள். நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்துபவர்களே மறுபடியும் வருகிறார்கள்.

மருந்துக் கடையில் வாங்கிய தூக்க மாத்திரையின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. சீட்டு இல்லாமல் கிடைப்பவற்றில் பெரும்பாலும் அல்பிரசோலம் வகையே இருக்கும் என்பதால் சொல்கிறேன்: அது சில வாரங்களிலேயே உடலைப் பழக்கிவிடும், உறக்கம் வந்தாலும் உள்ளே உள்ள மனச்சோர்வு அப்படியே இருக்கும். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் ஒரே நாளில் நிறுத்திவிடவும் வேண்டாம். அட்டையைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். படிப்படியாகக் குறைக்கும் முறையை அவர் சொல்வார். சாவியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். லட்சக்கணக்கான ரூபாய்க்குப் பொறுப்பான சாவியோடு தனியாகத் தங்கும் ஒருவர் ஒருமுறை சரிபார்ப்பது எச்சரிக்கை. உறக்கத்தைக் கெடுத்து எழுப்பும் அளவுக்குப் போனால் அது பதற்றத்தின் பிடி. சாவிக்கு ஓர் இடத்தை நிலையாக வைத்து, படுக்கும்முன் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பின் எழும் உந்துதலுக்கு இணங்காமல் இருக்கப் பழகுவதே சிகிச்சையின் வழி. முதல் சில இரவுகள் கடினமாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அவர் மட்டுமல்ல, ஊரே அதைத்தான் கேட்கும். வங்கித் தேர்வில் வென்றவருக்குத் தெருமுனையில் வாழ்த்துப் பதாகை வைக்கும் நாடு இது. சம்பளமும் பாதுகாப்பும் இருந்தால் மனநிறைவு தானே வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் அந்தப் பதாகைக்குப் பின்னால் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1950களின் இறுதியில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பொறியாளர்களும் கணக்காளர்களுமாகச் சுமார் 200 பேரைச் சந்தித்து, வேலையில் எப்போது மிகவும் மகிழ்ந்தீர்கள், எப்போது மிகவும் வெறுத்தீர்கள் என்று கேட்டார். வெறுப்புக்குக் காரணமாக அவர்கள் சொன்னவை நிர்வாகக் கொள்கை, மேலாளரின் போக்கு, ஊதியம், பணிச்சூழல் ஆகியவை. மகிழ்ச்சிக்குச் சொன்னவை வேறு: சாதித்த உணர்வு, பாராட்டு, செய்யும் வேலையின் தன்மை, பொறுப்பு. ஊதியமும் ஏசி அறையும் சரியாக இருந்தால் குறை இல்லாமல் போகலாமே தவிர, நிறைவு வந்துவிடாது என்பதே அவர் கண்டது. அவரது ஆய்வு முறையைப் பின்னால் வந்தவர்கள் பலமாகக் குறை கூறியிருக்கிறார்கள். நல்லதற்குத் தன்னையும் கெட்டதற்குச் சூழலையும் காரணம் காட்டுவது மனித இயல்புதானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும், "சம்பளம் இருக்கிறதே, உனக்கு என்ன குறை?" என்பவர்களுக்குப் பதிலாக அந்த ஆய்வின் சாரம் இன்றைக்கும் போதுமானது.

வேலைப் பளுவும் தன்னளவில் முழுக் காரணம் அல்ல. பணி அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்துப்படி, பளு மிகுதியாகவும் அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைதான் மனிதரை அதிகம் நசுக்குகிறது. லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து ஆராய்ந்த ஒயிட்ஹால் ஆய்வுகளிலும் இதை ஒத்த முடிவு கிடைத்தது. பெரும் பொறுப்புகளைச் சுமந்த மேலதிகாரிகளைவிடக் கீழ்நிலைப் பணியாளர்களுக்கே இதயநோய் அதிகமாக இருந்தது. தம் வேலையின்மீது தமக்கே பிடி இல்லாமை அதற்கான காரணங்களில் ஒன்றாக அறியப்பட்டது. உங்கள் நிலை இதற்கு அப்படியே பொருந்துகிறது. எந்தக் காப்பீட்டை விற்பது, எத்தனை விற்பது, என்றைக்குள் விற்பது என்பதில் எதையும் நீங்கள் முடிவு செய்வதில்லை. விற்காவிட்டால் பதில் சொல்வது மட்டும் நீங்கள். நேரக் கணக்கும் சாதாரணமானதல்ல. நாளொன்றுக்குப் பதினொன்றரை மணி என்றால், சனிக்கிழமையைச் சேர்க்காமலே வாரத்துக்கு 57 மணி நேரத்தைத் தாண்டுகிறது. வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 விழுக்காடும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், நான்கு நாள் விடுப்பு ஏன் உங்களுக்குப் பயன்படவில்லை என்பதற்கு என் கணிப்பில் உண்மையான காரணம் அந்த மூதாட்டி. உடல் களைப்பு ஓய்வில் தீரும். தான் சரியல்ல என்று நினைக்கும் ஒன்றைத் தன் கையாலேயே செய்ததால், அதுவும் தன்னை நம்பி வந்தவருக்குச் செய்ததால், உண்டாகும் உறுத்தல் ஓய்வில் தீராது; ஓய்வில்தான் அது அதிகம் பேசும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே, 1990களில், இப்படிப்பட்ட மனசாட்சிக் காயத்தை அச்சத்தால் வரும் பாதிப்பிலிருந்து பிரித்துக் காட்டினார். அதன்பின் மருத்துவமனைப் பணியாளர்களிடமும் பிற துறையினரிடமும் இந்தக் கருத்தை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். போர்க்களத்தையும் வங்கிக் கிளையையும் நான் சமமாக்கவில்லை. ஆனால் மேலிடத்துக் கட்டளைக்கும் தன் மனசாட்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவரின் உறக்கம் ஏன் கெடுகிறது என்று புரிந்துகொள்ள அது உதவுகிறது. உங்கள் கடிதத்தில் வேலை நேரத்தைப் பற்றி ஒரு வரிதான். அந்தப் பாட்டியைப் பற்றி மூன்று வரிகள். "வட்டி ஏறிடுச்சா தாயி?" என்ற அவர் சொல்லை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த உறுத்தலை மருந்தால் அடக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. முழுவதும் அடக்கவும் வேண்டாம். அதற்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உடல்நிலை சற்றுத் தேறிய பிறகு, ஆனால் அடுத்த பிரீமியத் தேதிக்கு முன்னால், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த அம்மாவையும் அவர் நம்பும் உறவினர் ஒருவரையும் உட்கார வைத்து, அது வைப்புநிதி அல்ல, காப்பீட்டுப் பாலிசி என்பதையும், தொடர்ந்து கட்டினால் என்ன, நிறுத்தினால் என்ன என்பதையும் அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். பாலிசி ஆவணம் கிடைத்ததிலிருந்து 30 நாள்களுக்குள் ரத்து செய்யும் உரிமை அவருக்கு இருந்தது. அந்தக் காலம் கடந்துவிட்டது. இனி அவர் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் வேண்டியதில்லை. முடிவு எப்படி வரும் என்று என்னால் சொல்ல இயலாது. இதில் உங்களுக்கும் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நீங்களாக எதையும் எழுதிக் கொடுக்கும் முன் உங்கள் அதிகாரிகள் சங்கத்தில் அனுபவமுள்ள ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள். உண்மையை வாய்விட்டுச் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இனிமேல் விற்க வேண்டியவற்றைப் பொறுத்தவரை, நீங்கள் நினைப்பதைவிடச் சற்று அதிக இடம் உங்களுக்கு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும், காப்பீட்டு நிறுவனம் வங்கி ஊழியருக்கு ஊக்கத்தொகை தரக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிகள். 2024 நவம்பரில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனும், பொருந்தாத காப்பீட்டை விற்பது வாடிக்கையாளரின் கடன் செலவை மறைமுகமாகக் கூட்டுகிறது, வங்கிகள் தம் அடிப்படைத் தொழிலில் கவனம் செலுத்த வேண்டும் என்று பொதுமேடையில் பேசினார். வட்டார அலுவலகத்தின் மாலை அழைப்பு இதனால் நின்றுவிடாது என்பதை நானும் அறிவேன். ஆனால் குடும்பத்தின் ஒரே வருமானக்காரரான முப்பது வயது இளைஞருக்குக் காப்பீடு உண்மையாகவே தேவை. ஆண்டு வருமானம் இல்லாத எழுபது வயதுக்காரருக்கு ஆண்டு பிரீமியம் தேவையில்லை. யாருக்கு விற்க மாட்டேன் என்ற ஒரு கோட்டை நீங்களே வரைந்துகொண்டு அதில் நிற்பது, இழந்த பிடியில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். எண்ணிக்கை குறையும், குழுவில் சிவப்பு சில நாள் கூடும். அந்தச் சிவப்பைத் தாங்குவது, பாட்டியின் கேள்வியைத் தாங்குவதைவிட எளிது என்பது என் எண்ணம்.

கிளை மேலாளரிடம் பேசத்தான் வேண்டும். அவரும் அதே மாலை அழைப்பில் திட்டு வாங்குபவர் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். பொதுவாக "வேலை அதிகம் சார்" என்று சொன்னால், "எனக்கு மட்டும் குறைவா?" என்ற பதில்தான் வரும். ஒரு வாரம் உங்கள் பணிகளை நேரக் குறிப்போடு எழுதிக்கொண்டு போய், சாவிப் பொறுப்பை மூன்று மாதத்துக்கு வேறொருவருக்கு மாற்றித் தர வேண்டும் என்பதுபோலத் திட்டமாக ஒன்றைக் கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் குழுவைப் பார்ப்பதில்லை, அவசரமானால் அழைக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். மனம் கொதிக்கும் நேரத்தில் அந்தக் குழுவில் எதையும் எழுதாதீர்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், மறுநாள் செய்ய வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழக உறக்க ஆய்வகத்தில் 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். ஒன்பது நிமிடம் பெரிதல்ல. ஆனால் அந்த வேலைகள் தலைக்குள் சுற்றாமல் தாளில் இருக்கின்றன என்ற தெம்பு உண்டு.

விடுப்பில் ஒன்றை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பொறுப்பு மிகுந்த இடங்களில் இருக்கும் வங்கிப் பணியாளர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள்கள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் அறிவுறுத்தியிருக்கிறது. அந்த நாள்களில் அவர்களுக்கு எந்த வேலையும் தரக் கூடாது. மோசடியைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட விதி அது. ஆனால் எந்தப் பணியாளர் நலத் திட்டத்தையும்விட அது நிம்மதி தருவதை வங்கிக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாவி வைத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்துமா, கடைசியாக எப்போது தரப்பட்டது என்று பாருங்கள். மருத்துவர் ஓய்வு வேண்டும் என்று சொன்னால் நோய் விடுப்பும் இருக்கிறது. அரைச் சம்பளம் என்று தயங்க வேண்டாம். இரு மடங்கு நாள்களைக் கணக்கில் கழித்து முழுச் சம்பளமாக மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு. மன அழுத்தத்துக்கு நோய் விடுப்பு எடுப்பது ஏமாற்று வேலை ஆகாது.

சிகிச்சை எடுத்தால் அலுவலகத்துக்குத் தெரியுமா என்ற அச்சம் நியாயமானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் உடல்நிலை பற்றியும் சிகிச்சை பற்றியும் மருத்துவத் துறையினர் இரகசியம் காக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவில் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் மருத்துவர் வங்கிக்குத் தகவல் தர மாட்டார். நோய் விடுப்புக்குச் சான்றிதழ் தேவைப்படும்போது, அதில் எவ்வளவு எழுத வேண்டும் என்பதை அவரிடமே பேசி முடிவு செய்யுங்கள். மருத்துவச் செலவை வங்கியின் காப்பீட்டில் கோரினால் அந்த வழியில் விவரம் போகும் என்பதையும் அறிந்திருங்கள்; வெளிநோயாளியாகச் சிலமுறை போவதற்கு ஆகும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ள இயலும் என்றால் அந்தக் கவலையே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மருந்தும் இலவசம். ஒருவேளை தெரிந்தேவிட்டாலும் நீங்கள் பாதுகாப்பில்லாதவர் அல்ல. மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநோயால் இயலாமைக்கு உள்ளானவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவது மறைமுகப் பாகுபாட்டின் ஒரு வடிவம் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நடைமுறையில், பதவி உயர்வைக் கெடுப்பது சிகிச்சை அல்ல. சிகிச்சை இல்லாமல் கவனம் சிதறி, நகைக்கடனிலோ பண இருப்பிலோ நேரும் ஒரு தவறுதான் விளக்கக் கடிதத்தையும் விசாரணையையும் கொண்டுவருகிறது.

கடைசியாக, வேலையை விடுவது. இப்போது முடிவெடுக்காதீர்கள். மனச்சோர்வில் இருக்கும் மனம், இருக்கும் வழிகளில் பாதியைக் காட்டாது. விட்டுவிடுவது ஒன்றே வழி என்றும், விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் ஒரே நேரத்தில் சொல்லும். சிகிச்சை தொடங்கி மூன்று மாதங்கள் கழித்து இந்தக் கேள்வியை மறுபடியும் எடுங்கள். அப்போதும் விட வேண்டும் என்றே தோன்றினால், அது தோல்வி அல்ல. நான் தடுக்கவும் மாட்டேன். ஆனால் அதற்குள் கணக்குகளைப் பார்த்து வையுங்கள். ஊழியருக்கான சலுகை வட்டியில் வீட்டுக்கடன் இருந்தால் விலகியபின் அதன் வட்டி என்ன ஆகும், ஓய்வூதியக் கணக்கில் என்ன இருக்கிறது, மூன்று மாத முன்னறிவிப்புக் காலத்தை எங்கே கழிப்பீர்கள் என்பவை எழுதிப் பார்க்க வேண்டியவை. பல பொதுத்துறை வங்கிகளில் பெண் ஊழியர்களுக்குச் சம்பளமில்லா நீண்ட விடுப்பு உண்டு. உங்கள் வங்கியின் விதியைக் கேட்டுப் பாருங்கள். விலகுவதற்கும் தொடர்வதற்கும் நடுவில் அப்படியும் ஓர் இடம் இருக்கிறது.

அதற்கும் முன்னால் இடமாற்றத்துக்கு முயலுங்கள். திருமணமான பெண் ஊழியர் கேட்டால், கணவர் பணிபுரியும் ஊரிலோ அதற்கு அருகிலோ இயன்றவரை பணியமர்த்த வேண்டும் என்று ஒன்றிய நிதித்துறை 2014 ஆகஸ்டில் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அது உரிமை அல்ல, அறிவுறுத்தல்தான். ஆனாலும் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுவது நல்லது. கணவரின் பள்ளியில் பணிச் சான்றிதழ் வாங்கி இணைத்து, கிளை மேலாளரின் பரிந்துரையோடு, ஆண்டு இடமாற்றப் பட்டியல் தயாராவதற்கு முன்பே முறையான வழியில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னேன், பார்க்கலாம் என்றார்கள் என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது. மதுரைக்குள் கிடைக்காவிட்டாலும், தினமும் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கிளை ஒன்றை இரண்டாவது விருப்பமாக எழுதுங்கள்.